‘வெறும் அலங்காரம்’ என்னும் வசை

குஸ்தாவ் க்ளிம்ட் பெயரை எடுத்தாலே இரண்டு வகை ஆட்கள் வந்து நிற்பார்கள். முதல் வகை, ‘முத்தம்’ ஓவியத்தை போன் வால்பேப்பராக வைத்திருப்பவர்கள். காபி கோப்பை, தலையணை உறை, குடை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி என்று அந்தத் தங்கநிற ஜோடி அச்சாகாத பொருளே கிடையாது. அதில் ஒன்றிரண்டாவது இவர்கள் வீட்டில் இருக்கும். ‘எவ்ளோ அழகா இருக்குல்ல!’ என்பார்கள். அத்தோடு சரி. இரண்டாம் வகை, கொஞ்சம் விவரமானவர்கள். நாலு புத்தகம் படித்தவர்கள், மியூசியம் போனவர்கள். ‘க்ளிம்ட்டா? சும்மா டெக்கரேஷன் பாஸ். எகான் ஷீலேவைப் பாருங்க, கோகோஷ்காவைப் பாருங்க, அதுல ரத்தம் இருக்கு’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

என் சண்டை இரண்டாம் வகையோடுதான். முதல் வகை ஆட்கள் பாவம், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள். இரண்டாம் வகை ஆட்களோ, தாங்களும் அதே காபி கோப்பையைத்தான் பார்த்திருக்கிறோம் என்பதை உணராமலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள். ஒருவர் ‘அழகு’ என்று சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார், இன்னொருவர் ‘வெறும் அழகு’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். நடுவில் இருப்பது ஒரு ‘வெறும்’தான்.

‘அலங்காரம்’ எப்போது வசையானது? அணி இலக்கணத்துக்கே தண்டியலங்காரம் என்று பெயர் வைத்திருக்கும் மொழியில், இன்று ஒரு சிறுகதையைக் காலி பண்ண வேண்டுமென்றால் ‘அலங்கார நடை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். உள்ளே ஒன்றுமில்லை, மேலே ஜிகினா என்று பொருள். உள்ளே ஒரு சாரம், மேலே ஒரு பூச்சு, பூச்சைச் சுரண்டினால் சாரம் கிடைக்கும் என்கிற இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு க்ளிம்ட்டிடம் போனால் கையில் ஒன்றும் வராது. அவரிடம் பூச்சுதான் பேசுகிறது.

முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கலாம். 1862இல் வியன்னாவை ஒட்டிய பாம்கார்ட்டனில் பிறந்தார். அப்பா பொஹீமியாவிலிருந்து வந்த பொற்தகட்டுச் செதுக்குக் கலைஞர். ஏழு பிள்ளைகள், வறுமை. க்ளிம்ட் போனது நுண்கலை அகாடமிக்கு அல்ல, கைவினைக் கலைப் பள்ளிக்கு. 14 வயதில் சேர்ந்தார். தம்பி எர்ன்ஸ்ட்டும் ஃப்ரான்ஸ் மாட்ஷும் கூட்டாளிகள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கம்பெனி மாதிரி வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகைகளின் கூரைகளிலும் படிக்கட்டுச் சுவர்களிலும் வரைந்து சம்பாதித்தார்கள். வியன்னாவின் புர்க் தியேட்டர் வேலைக்காக 1888இல் பேரரசர் கையால் பொற்சிலுவை விருதும் கிடைத்தது. அப்படியே போயிருந்தால் தொந்தி வைத்த அரசு ஓவியராக, சிலை திறக்கப்பட்டு, இன்று யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிருப்பார். ஆக, அலங்காரம் அவருக்குத் தொழில். சுவர் எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், பார்ப்பவர் எங்கே நிற்பார், நடந்துகொண்டே பார்ப்பாரா என்று யோசிக்கும் தொழில். ஈசல் முன்னால் உட்கார்ந்து ‘தன்னை வெளிப்படுத்தும்’ ஓவியருக்கு இந்தக் கேள்விகள் வராது. அது குறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1894இல் அந்தப் பெரிய வேலை வந்தது. வியன்னா பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூடத்தின் விதானத்துக்கு ஓவியங்கள். பொதுக் கருப்பொருள்: இருளின் மீது ஒளியின் வெற்றி. தத்துவம், மருத்துவம், சட்டம் ஆகிய மூன்றும் க்ளிம்ட்டுக்கு. ஒவ்வொன்றும் நாலேகால் மீட்டருக்கு மேல் உயரம். பேராசிரியர்கள் எதிர்பார்த்தது நமக்குத் தெரிந்ததுதான். ஒரு ப்ளேட்டோ, ஒரு அரிஸ்டாட்டில், தாடி, சுருள், பளிங்குத் தூண், மேலே தீபம் ஏந்திய ஒரு அம்மணி. நம்மூர் ஆடிட்டோரிய மேடைகளில் புத்தகமும் குத்துவிளக்கும் வரைந்து வைப்பார்களே, அதன் ஐரோப்பிய வடிவம்.

1900இல் ‘தத்துவம்’ செஸெஷன் கட்டடத்தில் காட்சிக்கு வந்தது. இடது பக்கம் மனித உடல்களின் ஒரு தூண். குழந்தை, காதலர், தலையைக் கையில் புதைத்துக்கொண்ட கிழவர் என்று எல்லாரும் அம்மணமாக, பிடிமானமில்லாமல், வெட்டவெளியில் மிதந்து போகிறார்கள். வலது பக்கம் நட்சத்திர மூட்டத்துக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு பிரம்மாண்ட முகம். கண் மூடியிருக்கிறது. கீழே மூலையில் அறிவு. அதுவும் ஒரு முகம் மட்டும்தான், நம்மைப் பார்த்தபடி. ஒளியும் இல்லை, வெற்றியும் இல்லை. 87 பேராசிரியர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மனு போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் படத்தில் என்ன பிரச்சினை என்று சொல்லத் தெரிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் ஃப்ரான்ஸ் விக்ஹாஃப் ‘எது அசிங்கம்?’ என்ற தலைப்பிலேயே ஒரு உரை நிகழ்த்தி க்ளிம்ட் பக்கம் நின்றார். அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதே படத்துக்குத் தங்கப் பதக்கம். ஊரில் செருப்படி, வெளியூரில் மாலை. நமக்குப் புதுசா என்ன?

அடுத்த வருடம் ‘மருத்துவம்’. இது இன்னும் கடுமை. வலது பக்கம் உடல்கள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, நடுவில் எலும்புக்கூடு. நோய், பிரசவம், சாவு எல்லாம் ஒரே ஓட்டத்தில். அதன் முன்னால், படத்தின் அடியில், நலத்தின் தேவதை ஹைஜியா. சிவப்பும் தங்கமுமான உடை, கையைச் சுற்றிய பாம்பு. பின்னால் இத்தனை பேர் செத்துக்கொண்டிருக்க, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மருத்துவப் பேராசிரியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நோய் தீர்ப்பது எங்கே, நோய் தடுப்பது எங்கே என்று கேட்டார்கள். நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. படத்துக்கான முன்வரைவுகளை வெளியிட்ட ‘வேர் சாக்ரும்’ இதழைப் பறிமுதல் செய்ய அரசு வழக்கறிஞர் முயன்றார், நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. க்ளிம்ட் அப்போது ஒரு படம் வரைந்தார். தங்கமீன்களும் நிர்வாணப் பெண்களும். முன்னால் இருப்பவள் தன் பின்புறத்தை முழுசாக நம் முகத்துக்கு நேரே நீட்டியபடி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்கு அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் ‘என் விமர்சகர்களுக்கு’. ‘வெறும் அலங்கார’ ஓவியர்!

1903இல் காட்டிய ‘சட்டம்’தான் மூன்றிலும் பயங்கரம் என்பேன். கூன் விழுந்த, அம்மணமான ஒரு கிழவரை ஒரு பெரிய ஆக்டோபஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றி மூன்று பெண்கள், பழிதீர்க்கும் தேவதைகள். உண்மையும் நீதியும் சட்டமும் எங்கே என்றால், ரொம்ப மேலே, எட்டாத உயரத்தில், குட்டியாக, அழகான கட்டம்போட்ட மொசைக் பின்னணியில், பட்டாடை உடுத்தி நிற்கிறார்கள். நீதிபதிகள் உடம்பே இல்லாத சின்னத் தலைகள். இதை மறுபடி கவனியுங்கள். இந்தப் படத்தில் அலங்காரம் எங்கே இருக்கிறது? அதிகாரம் இருக்கும் இடத்தில். கீழே நசுங்குகிறவனுக்கு ஒரு முழத் துணி இல்லை. மேலே வடிவியல் ஒழுங்கு, பொன், பட்டு. காஃப்கா ‘விசாரணை’யை எழுதத் தொடங்குவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் வரைந்த படம் இது. க்ளிம்ட்டுக்கு அலங்காரம் என்ன வேலை செய்யும் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தெரியாதது நமக்குத்தான்.

1905இல் க்ளிம்ட் விலகிக்கொண்டார். வாங்கிய 30,000 க்ரோனன் முன்பணத்தைத் திருப்பிக் கட்டினார். அதற்குக் கைகொடுத்தவர் ஆகஸ்ட் லெடரர் என்ற யூதத் தொழிலதிபர். அதற்குப் பிறகு அரசின் சுவர் எதையும் க்ளிம்ட் தொடவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ப்ளேட்டோவை வரைந்து தந்திருக்கலாம். ‘சமரசக்காரர், பணக்காரர்களின் ஓவியர்’ என்று இன்று அவரைச் சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை எங்கே எழுதுவார்கள்?

கார்ல் ஷோர்ஸ்கேயின் புகழ்பெற்ற வியன்னா புத்தகம் இந்தத் திருப்பத்தைப் பின்வாங்கல் என்று பார்க்கிறது. பொதுவெளியில் அடிபட்ட ஓவியர், பணக்காரர்களின் வரவேற்பறைக்குள் புகுந்துகொண்டு தங்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்கிற மாதிரி. புத்தகம் அருமையான புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பொதுச் சுவர் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதனால் தங்கம் ஒளிவிடமாகிவிட்டது என்பது படங்களைப் பார்த்தால் தெரிவதில்லை.

‘அடேல் ப்ளாக்-பாவர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1907இல் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள். இடையில் 1903இல் ராவென்னாவுக்கு இரண்டு முறை போய் பைசாண்டிய மொசைக்குகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சதுரமான திரை. அதில் உடை எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே தொடங்குகிறது, சுவர் எது என்று உங்களால் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பொன் பரப்பு. சுருள்கள், சதுரங்கள், வரிசை வரிசையாகக் கண்கள். அதற்குள்ளிருந்து ஒரு முகம், தோள், பிசைந்துகொண்டிருக்கும் இரண்டு கைகள் மட்டும் சதையாக வெளியே வருகின்றன. அந்த முகத்தில் மகிழ்ச்சி இல்லை. 18 வயதில் சர்க்கரை ஆலை அதிபருக்கு மணமுடிக்கப்பட்ட, பிள்ளைகள் தங்காமல் போன, சோஷலிசத்தில் ஈடுபாடு கொண்ட, படிக்க ஆசைப்பட்டு அந்தக் காலப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு சரியாகத் திறக்காத ஒருத்தி. அவளைச் சுற்றி இருக்கும் செல்வம் அவள் மேலேயே ஏறி மூடிக்கொண்டிருக்கிறது. பணக்கார வீட்டம்மா நகை போட்டுக்கொண்டிருக்கிற படமா இது? நகை ஒரு மனுஷியைப் போட்டுக்கொண்டிருக்கிற படம் மாதிரி இருக்கிறது. அந்தத் தங்கத்தை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த அர்த்தம் காணாமல் போய்விடும். சுரண்டிப் பாருங்கள் என்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, ‘முத்தம்’. கோப்பையில் பார்த்ததைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பாருங்கள். 180 சென்டிமீட்டர் சதுரம். ஆணின் ஆடையில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள், பெண்ணின் ஆடையில் வட்டங்கள், பூக்கள். ஆணின் முகம் நமக்குத் தெரியாது. பெண்ணின் தலை கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் ஒடிந்து கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது. அவள் மண்டியிட்டிருக்கிறாள். அவள் பாதங்களைப் பாருங்கள். பூப்படுகை அங்கே சட்டென்று முடிகிறது, விரல்கள் அந்த விளிம்புக்கு அப்பால் மடங்கித் தொங்குகின்றன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, பொன்னிறச் சூனியம். காதல் என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பள்ளத்தின் விளிம்பில் நடக்கிறது. பொருள்களில் அச்சடிக்கிறவர்கள் பல நேரம் இந்தக் கால்களை வெட்டிவிடுவார்கள். அதனால்தான் அது நிம்மதியான படமாகத் தெரிகிறது. (இந்தப் படத்தை 1908இல், முழுசாக முடிவதற்கு முன்பே, ஆஸ்திரிய அரசு 25,000 க்ரோனனுக்கு வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அரசோடுதான் தகராறு. அரசுக்கும் கால் தெரியவில்லை போல.)

இப்போது அலங்காரத்தை வசையாக்கியவரிடம் வருவோம். அதே வியன்னாவில் அடால்ஃப் லோஸ் என்ற கட்டடக் கலைஞர். ‘அலங்காரமும் குற்றமும்’ அவருடைய புகழ்பெற்ற உரை. நாகரிகம் வளர வளர அன்றாடப் பொருள்களிலிருந்து அலங்காரம் உதிர்ந்துபோகும் என்பது வாதம். அலங்காரத்துக்காகத் தொழிலாளியின் உழைப்பு வீணாகிறது என்ற அவருடைய பொருளாதார வாதத்தை நான் மதிக்கிறேன். அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் மீதி வாதம் எதன் மேல் நிற்கிறது? பாப்புவாக்காரன் உடம்பில் பச்சை குத்திக்கொண்டால் பரவாயில்லை, அவன் இன்னும் குழந்தை நிலையில் இருக்கிறான்; நவீன மனிதன் குத்திக்கொண்டால் குற்றவாளி அல்லது சீரழிந்தவன். இதுதான் லோஸ் போடும் படிக்கட்டு. மேல்படியில் வெறுஞ்சுவர் வைத்த ஐரோப்பிய ஆண். கீழ்ப்படிகளில் ‘காட்டுமிராண்டி’, குழந்தை, கிராமத்துக் கிழவி, செருப்பு தைக்கிறவர். அவர்கள் அலங்கரித்துக்கொள்ளட்டும், பாவம், அவர்களுக்கு வேறு சந்தோஷம் இல்லை! ‘டெக்கரேஷன்’ என்று உதட்டைப் பிதுக்கும்போது நாம் ஏறி நிற்பது இந்தப் படிக்கட்டில்தான். தையல், பூவேலை, நெசவு, மட்பாண்டம் என்று உலகம் முழுக்கப் பெண்களும் கைவினைஞர்களும் செய்தவை எல்லாம் ‘வெறும்’ பட்டியலில் சேர்ந்த கதையும் இதோடு ஒட்டியதே.

க்ளிம்ட் இந்தப் படிக்கட்டை ஏற்கவில்லை. அவருக்கு நெருங்கிய எமிலி ஃப்ளோகே ‘க்ளிம்ட்டின் தோழி’ என்று மட்டும் குறிப்பிடப்படுகிறார். அக்கா தங்கைகளாகச் சேர்ந்து 1904இல் வியன்னாவில் ஆடையகம் தொடங்கி நடத்திய தொழில்காரி அவர். இறுக்கும் கார்செட் இல்லாத தளர்வான ஆடைகள் அங்கே உண்டு. ப்ரஸ்ஸல்ஸில் ஸ்டோக்லே மாளிகையின் சாப்பாட்டு அறைக்கு க்ளிம்ட் வடிவமைத்த சுவர்ச் சித்திரத்தை, தூரிகை தொடாமல், பளிங்கிலும் எனாமலிலும் பவளத்திலும் பொன்னிலும் பதித்துச் செய்தவர்கள் கைவினைஞர்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். ‘எல்லாம் சரிதான், அந்தாளு பொண்ணுங்களை எப்படி நடத்துனார்?’ மழுப்ப மாட்டேன். ஸ்டூடியோவில் எந்நேரமும் மாடல்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஏழைப் பெண்கள். 14 பிள்ளைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1899இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு பெண்களுக்குப் பிறந்த இரண்டு ஆண்குழந்தைகளுக்கும் குஸ்தாவ் என்றே பெயர். சீமாட்டிகளுக்குத் தங்க உடையும் பெயர் போட்ட சட்டகமும், மாடல்களுக்கு அம்மணமும் பெயரில்லாமையும். ‘சட்டம்’ படத்தில் அவரே வரைந்த அதே மேல்-கீழ் அவருடைய ஸ்டூடியோவிலும் இருந்திருக்கிறது. இதைச் சொல்லி அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அது உண்மையான குற்றச்சாட்டு. ‘அழகாக வரைந்தார்’ என்பது குற்றச்சாட்டே இல்லை.

1918 பிப்ரவரியில், பக்கவாதத்துக்குப் பின், 55 வயதில் க்ளிம்ட் செத்துப்போனார். படங்களின் கதை அதற்குப் பிறகுதான் கறுக்கிறது. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் ப்ளாக்-பாவர் வீடும் லெடரர் வீடும் சூறையாடப்பட்டன. 1943இல் அதே நாஜி ஆட்சி, செஸெஷன் கட்டடத்திலேயே க்ளிம்ட்டுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. யூதர்களிடமிருந்து பிடுங்கிய படங்களை மாட்டி விழா எடுத்தார்கள். அடேலின் பெயர் இருந்தால் யூதப் பெயர் தெரிந்துவிடுமே? ‘பொன்னில் ஒரு பெண்மணி’ ஆக்கிவிட்டார்கள். அலங்காரம் மட்டும் இருக்கட்டும், ஆள் வேண்டாம். ‘வெறும் அலங்காரம்’ என்ற பார்வை எங்கெல்லாம் உதவும் பாருங்கள்.

அடேலின் சகோதரி மகளான மரியா ஆல்ட்மன் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2006இல் படத்தை மீட்டார். அது பற்றி 2015இல் ஹெலன் மிர்ரன் நடித்த சினிமா வந்தது. நியாயம் கேட்கும் சினிமாதான். அதன் தலைப்பு என்ன? ‘வுமன் இன் கோல்ட்’. அடேல் என்று வைத்தால் டிக்கெட் விற்காதா?

லெடரர் வீட்டுக் கதை இன்னும் விசித்திரம். ஆகஸ்டின் மகள் எலிசபெத்தை 1914க்கும் 1916க்கும் இடையில் க்ளிம்ட் வரைந்திருந்தார். நாஜி வியன்னாவில் தனியாக மாட்டிக்கொண்ட எலிசபெத், தன் உண்மையான அப்பா யூதர் இல்லை, க்ளிம்ட்தான் என்று அறிவித்தார். அம்மா செரீனாவும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். ஓவியரின் பெண் பித்து ஊரறிந்தது, ஆகவே நம்பினார்கள். சான்றிதழ் கிடைத்தது, முகாமிலிருந்து தப்பினார், 1944இல் இறந்தார். அதே காலத்தில், க்ளிம்ட்டின் மகன் என்று கருதப்படும் இயக்குநர் குஸ்தாவ் உச்சிட்ஸ்கி, 1941இல் ‘ஹைம்கேர்’ என்ற நாஜிப் பிரச்சாரப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாவலில் எழுதினால் ‘ரொம்பத்தான் ஜோடனை’ என்று நீங்களே சொல்வீர்கள். 2025 நவம்பரில் எலிசபெத் படம் நியூயார்க் ஏலத்தில் 23.64 கோடி டாலருக்குப் போனது. செய்தி முழுக்கத் தொகைதான்.

பல்கலைக்கழகப் படங்கள் மூன்றும் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக இமெண்டார்ஃப் கோட்டைக்கு அனுப்பப்பட்டன. 1945 மே மாதம் அந்தக் கோட்டை எரிந்தது. பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் வைத்த தீ என்கிறார்கள். மூன்றும் போயின. மிஞ்சியவை கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் முன்வரைவுகளும். 2021இல் கூகுள், பழைய விமர்சனங்களின் வர்ணனைகளையும் மற்ற க்ளிம்ட் ஓவியங்களையும் வைத்து, கணினியால் அவற்றுக்கு நிறம் கொடுத்து வெளியிட்டது. பகிர்ந்தார்கள், ஹார்ட் போட்டார்கள், ‘செம்ம கலர்’ என்றார்கள். அசலின் நிறத்தில் நமக்கு உண்மையிலேயே கிடைத்திருப்பது, எரிவதற்கு முன் வண்ணத்தில் அச்சான ஒரே ஒரு பகுதி. ஹைஜியா. சிவப்பும் தங்கமுமாக, பாம்போடு, நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த வண்ணப் பிரதியில் இல்லை.